ஒற்றைச் சப்பாத்து நீர்நாய்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்கில் நான் வேலை செய்த காலத்தில், கவுண்டருக்குப் பின்னால் நான் இருப்பது தெரியாமல் ஆட்கள் மணியை அடித்துக்கொண்டு நிற்பார்கள். நான் எழும்பி நின்றாலும் பெரிய வித்தியாசம் இல்லை. அவ்வளவு உயரம்தான். பள்ளிக்கூடத்தில் வரிசையின் முன்னால், பஸ்ஸில் கம்பி எட்டாமல், கலியாண வீட்டுப் படங்களில் யாருடையவோ தோளுக்குப் பின்னால் பாதி முகத்துடன் என்று வளர்ந்தவள் நான். ஆள் குள்ளமாக இருக்க வேண்டும் என்று கேட்டு ஒரு வேலை விளம்பரம் வரும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

விளம்பரத்தைக் கண்டது அண்ணா. அவன் வங்கியில் வேலை செய்கிறான், மிச்ச நேரமெல்லாம் வீடியோ கேம். ஒருகொடவத்தைப் பக்கம் கொள்கலன்கள் அடுக்கி வைத்திருந்த பெரிய கிடங்கு ஒன்றைப் பிள்ளைகளுக்கான உள்ளரங்கப் பூங்காவாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டுக் கம்பனி ஒன்றின் பிரபலமான கேமுக்கு அனுமதி வாங்கி, அதில் வரும் ஆறு, சதுப்பு நிலம், தொங்குபாலம் எல்லாவற்றையும் கிடங்குக்குள் கட்டினார்கள். படகில் ஏறி அந்த ஆற்றில் போகலாம். கரையில் அந்தக் கேமின் கதாநாயகன் உயிரோடு நடந்து திரிவான். அவனாக நடக்கத்தான் ஆள் தேவைப்பட்டது.

கதாநாயகன் ஒரு நீர்நாய். தொந்தி, தடித்த வால், கழுத்தில் சிவப்புத் துண்டு, இடது காலில் மட்டும் முழங்கால் வரைக்கும் ஒரு சப்பாத்து. வலது காலின் சப்பாத்தை முதல் கட்டத்திலேயே ஆறு அடித்துக்கொண்டு போய்விடும். அதைத் தேடிப் போவதுதான் முழுக் கேமும். அவன் ஒரு வார்த்தையும் பேசமாட்டான். எங்கள் ஒழுங்கையில் அவன் படம் போட்ட தண்ணீர்ப் போத்தல் இல்லாத பிள்ளை இல்லை.

அம்மா ஓய்வுபெற்ற கணித ரீச்சர். வீட்டில் இப்போதும் டியூஷன் கொடுக்கிறார். நான் கிளினிக்கை விடப்போகிறேன் என்று சொன்னபோது சிவப்புப் பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பொம்மைக்குள்ள நிண்டு ஆடுறதுக்கோ உன்னைப் படிப்பிச்சது?"

"நடக்கிறது அம்மா. ஆடுறது இல்லை."

"ஆரும் கேட்டா நான் என்னெண்டு சொல்ல?"

"பார்க்கில வேலை எண்டு சொல்லுங்கோ."

அம்மா அப்படித்தான் சொன்னார். சில நாட்களில் அது "நிர்வாகப் பக்கம்" என்று வளர்ந்து, கனடாவில் இருக்கும் பெரியம்மா வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் திருத்தப் போகவில்லை.

நேர்முகத்தில் பூங்காவின் மனேஜர் என்னைச் சுவரில் போட்டிருந்த கோட்டுக்குக் கீழே நிற்கச் சொன்னார். கோட்டுக்குள் அடங்கினேன். நடனம் தெரியுமா என்று கேட்டார். சின்ன வயதிலிருந்து பரதநாட்டியம் படித்தவள் நான். அடவு சுத்தம், முகபாவம் போதாது என்று பரீட்சைக்குப் பரீட்சை எழுதுவார்கள். நீர்நாயின் தலைக்குள் என் முகத்தை யாரும் பார்க்கப் போவதில்லை என்பது அந்த இடத்தில்தான் உறைத்தது. சிரிப்பு வந்துவிட்டது. மனேஜரும் காரணம் தெரியாமலே சிரித்தார்.

உடுப்பு பெட்டியில் வந்தது. உள்ளே தடித்த ஸ்பொஞ்ச், வெளியே மயிர்த்துணி. தலைக்குள் பற்றரியில் ஓடும் சின்ன மின்விசிறி. வாய்க்குள் இருந்த கறுப்பு வலை வழியாக மட்டும்தான் வெளியே பார்க்கலாம். தரை தெரியாது, பக்கத்தில் நிற்கும் ஆள் தெரியாது. அதனால் உள்ளே இருப்பவருக்கு எப்போதும் ஒரு துணையாள் வேண்டும். எனக்குக் கிடைத்தவர் கொச்சிக்கடைக்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர்களுக்குக் கீழே நின்று கைச்சைகை காட்டும் வேலை பார்த்தவர். முழங்கால் வலி வந்த பிறகு அதை விட்டுவிட்டார். வீட்டில் இருப்பவன் அண்ணா என்பதால், நான் இவரை அண்ணன் என்று கூப்பிட்டேன்.

"தங்கச்சி, மேல கிரேன்ல இருக்கிறவனுக்குக் கீழ என்ன நடக்குதுன்னு தெரியாது," என்று முதல் நாளே சொன்னார். "நான் கையக் காட்டினாத்தான் இறக்குவான். நீங்களும் அப்படித்தான். நான் சொல்லாம காலை எடுத்து வைக்காதீங்க."

தலையைப் போட்டால் அவர் கை எனக்குத் தெரியாது. ஆகவே அவருடைய சைகைகளை எல்லாம் என் மணிக்கட்டில் அழுத்துகிற அழுத்தாக மாற்றிக்கொண்டோம். ஒருமுறை அழுத்தினால் நில். இரண்டு முறை என்றால் படி. நீளமாக அழுத்தினால் பிள்ளை ஓடி வருகிறது, குனி. கிடங்கின் வெறும் தரையில், பெயின்ற் மணத்துக்குள், மேலும் கீழும் நடந்து பழகினோம். வியர்வை சப்பாத்துக்குள் இறங்கும். அவர் என்னை ஒருதரமும் விழ விட்டதில்லை.

திறப்பு விழாவுக்கு முன் கேம் கம்பனியிலிருந்து ஒரு பெண் வருவார், அவர் சரி என்று சொன்னால்தான் நீர்நாய் வெளியே வரலாம் என்றார்கள். கேமில் நடப்பதுபோலவே நடக்க வேண்டும். ஒரு காலில் சப்பாத்து, மற்றக் கால் வெறும் பாதம். டொக், தப், டொக், தப். அது நொண்டல் இல்லை. நொண்டினால் பார்ப்பவர்களுக்குப் பாவமாக இருக்கும். இவனோ ஒற்றைச் சப்பாத்தைப் பெரிய விஷயமாக எடுக்காமல் நடப்பவன். அந்த நடை எனக்குப் பிடிபடவில்லை.

அண்ணாவின் அறையில் போய் உட்கார்ந்தேன். அவன் விளையாட, நான் நீர்நாயின் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாரம் வாலில் இருந்தது. வால் ஒரு பக்கம் போக, தொந்தி மறுபக்கம் போகும், கால்கள் பிறகுதான் வரும். நான் ஒரு தலையணையைப் பின்னால் கட்டிக்கொண்டு அறைக்குள் நடந்தேன். அண்ணா விளையாட்டை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். கொன்ட்ரோலர் அவன் மடியில் சும்மா கிடந்தது.

அப்போது திரையில் நீர்நாய் தானாக நிலத்தில் உட்கார்ந்தான். சப்பாத்தைக் கழற்றினான். கவிழ்த்து உதறினான். கொஞ்சம் தண்ணீர் கொட்டியது. உள்ளே ஒரு கண்ணை வைத்துப் பார்த்தான். பிறகு பெருமூச்சு விட்டு மாட்டிக்கொண்டான்.

"இது என்ன?" என்று கேட்டேன்.

"நாங்க ஒண்டும் செய்யாம விட்டா அவன் இப்பிடித்தான் செய்வான். காத்துக்கொண்டிருக்கிறானாம்."

"திருப்பி விடு. கையை வைக்காத."

அன்றைக்கு அண்ணாவுக்கு விளையாடக் கிடைக்கவில்லை. நீர்நாய் சப்பாத்தைக் கழற்றுவதையே இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் பெண் வந்த நாளில் மனேஜர் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். நான் ஆற்றங்கரை நெடுக நடந்தேன். அந்தப் பெண் தன் கையில் இருந்த பலகையில் எதையோ குறித்தார். இசை வந்ததும் கை காட்டிப் பாலத்தில் ஏற வேண்டும். இசை வரவில்லை. ஒலிபெருக்கியில் ஏதோ கோளாறு. ஆட்கள் வயர்களுக்குள் ஓடித் திரிந்தார்கள். அண்ணன் மணிக்கட்டில் ஒருமுறை அழுத்தினார். நில். எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியவில்லை.

நான் நிலத்தில் உட்கார்ந்தேன். உடுப்பில் சப்பாத்தும் காலும் ஒன்றாகத் தைத்திருந்தபடியால் கழற்ற வழியில்லை. ஆகவே கழற்றுவதுபோல இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. மறுபடி இழுத்தேன். குதிகாலைத் தரையில் தட்டி, குனிந்து சப்பாத்தின் விளிம்பில் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தேன். பிறகு தோள் இரண்டும் இறங்க ஒரு பெருமூச்சு விட்டேன்.

வலை வழியாக அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொள்வது தெரிந்தது. கிட்ட வந்து குந்தியிருந்து, தலைக்குள் இருந்த என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார், இதை யார் சொல்லித் தந்தது என்று. உடுப்புக்குள் இருக்கும்போது பேசக்கூடாது என்பது அவருடைய சட்டம்தான். நான் கையை விரித்துக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே எழும்பிப் போய், சப்பாத்தை உண்மையாகவே கழற்றக்கூடியதாக வெட்டித் தைக்கும்படி மனேஜரிடம் சொன்னார். அன்று பின்னேரம் ஒருகொடவத்தையிலிருந்து பஸ்ஸில் வரும்போது, கம்பி எட்டாத நான் ஒரு சீற்றின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இந்த நகரத்தில் இந்த வேலையை என்னைவிட நன்றாகச் செய்யக்கூடிய ஆள் வேறு யாரும் இல்லை என்று நினைத்தேன். அப்படி ஒரு நினைப்பு அதற்கு முன் எனக்கு வந்ததே இல்லை.

பூங்காவைத் திறந்தார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்தும் பாமன்கடையிலிருந்தும் எங்கெல்லாமோ இருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். சிங்களத்திலும் தமிழிலும் ஆங்கிலத்திலும் என்னிடம் கதைத்தார்கள். பதிலுக்கு நான் தலையை ஆட்டினால் எல்லாருக்கும் போதுமாக இருந்தது.

பள்ளி விடுமுறையில் ஒரு மத்தியானம், கிடங்கு நிரம்பிய நேரத்தில் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் இரண்டுதரம் இருமிவிட்டு நின்றுவிட்டது. ஆற்றின் வளைவுக்குள், சதுப்பு நிலம் இருந்த பகுதியில் படகுகள் அப்படியே நின்றன. அது வெளிச்சம் நுழையாத இடம். தண்ணீர் முழங்கால் அளவுதான், ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் தகரக் கூரைக்குக் கீழே ஒரு பிள்ளை அழுதால் பத்துப் பிள்ளைகள் அழுவதுபோலக் கேட்கும். மனேஜர் மூன்று மொழியிலும் பற்றரியில் ஓடும் கை ஒலிபெருக்கியில் கத்திப் பார்த்தார். அது பயத்தைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை.

அண்ணன் என் தலைக்குக் கிட்ட வந்து கேட்டார். "தங்கச்சி, உள்ள போக ஏலுமா?"

நான் கட்டைவிரலைக் காட்டினேன்.

ஆற்றின் ஓரமாகப் பராமரிப்புக்காகப் போட்ட ஒடுங்கிய பலகைப் பாதை இருந்தது. அண்ணன் என் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டு, தான் பின்பக்கமாக நடந்தார். முழங்கால் வலிக்காரர். டோர்ச்சைப் பல்லில் கடித்திருந்தார். என் விசிறி பாதி வழியில் நின்றுவிட்டது. மூச்சு முகத்திலேயே திரும்பி அடித்தது. நான் நடையை மட்டும் விடவில்லை. டொக், தப், டொக், தப். பலகையில் அது நன்றாகக் கேட்டது.

இருட்டுக்குள் ஒரு பையனின் குரல் சொன்னது: "சப்பாத்து வருது."

அழுகை ஒவ்வொன்றாக நின்றது. எல்லாரும் காது கொடுத்தார்கள். முதல் படகுக்கு அருகில் அண்ணன் என்னை நிறுத்தி, டோர்ச் வெளிச்சத்தை என்மேல் அடித்து, "பய வென்ன எப்பா, பயப்படாதீங்க, யாரு வந்திருக்காங்கன்னு பாருங்க," என்று சிங்களமும் தமிழுமாகச் சொன்னார். நான் பலகை விளிம்பில் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினேன். அப்போது ஒன்று தோன்றியது. குனிந்து ஆற்றுத் தண்ணீரில் சப்பாத்தை மொண்டு, தூக்கிக் கவிழ்த்தேன். கேமில் கொட்டுவதைவிட நிறையத் தண்ணீர் கொட்டியது. உள்ளே எட்டிப் பார்த்தேன். மறுபடி மொண்டேன். படகுகளில் சிரிப்புக் கிளம்பியது.

முதல் படகில் தாயின் கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. "உனக்கு இருட்டு பயமில்லையா?" என்று கேட்டாள்.

பயம்தான் என்று தலையை ஆட்டினேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு பையை விட்டுவிட்டுக் கையை நீட்டி என் மயிர்க்கையைப் பிடித்தாள்.

"சரி, நான் பிடிச்சுக்கொண்டிருக்கிறன். கரண்ட் வந்திடும்."

கரண்ட் வரும்வரை அவள் விடவில்லை. படகுகள் நகர்ந்த பிறகுதான் அண்ணன் என்னைப் பின்னறைக்குக் கூட்டிப்போய்த் தலையைக் கழற்றினார். மனேஜர் தானே செவ்விளநீர் வெட்டிக் கொண்டுவந்து தந்தார். நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்று, சிங்களவரான அவர் தனக்குத் தெரிந்த தமிழில், "நங்கி, தங்கச்சி, ரொம்ப ரொம்ப நல்லா செஞ்சது," என்றார். அண்ணன் ஒரு கதிரையில் உட்கார்ந்து முழங்காலைத் தடவிக்கொண்டு சிரித்தார்.

படகில் இருந்த யாரோ அதைப் போனில் எடுத்திருந்தார்கள். இருட்டில் ஒரு டோர்ச் வெளிச்சம், அதற்குள் சப்பாத்திலிருந்து தண்ணீர் கொட்டும் ஒரு நீர்நாய். அந்த வீடியோ சுற்றிச் சுற்றிக் கனடாவுக்குப் போய், பெரியம்மா மூலம் எங்கள் குடும்ப வட்ஸ்அப் குழுவுக்கே திரும்பி வந்தது. "கொழும்பில இப்பிடி ஒண்டு இருக்கோ? நல்ல வடிவாச் செய்யுது," என்று பெரியம்மா எழுதியிருந்தார்.

அம்மா ஒரே ஒரு வரி பதில் போட்டிருந்தார். "அது என்ர பிள்ளை."

உள்ளே இருப்பது யார் என்று வெளியில் சொல்லக்கூடாது என்ற சட்டத்தை அம்மாவுக்கு நான் முன்பே விளக்கியிருந்தேன். "அது உங்கட கம்பனிச் சட்டம், எனக்கில்லை," என்றார். அதற்குப் பிறகு ஒழுங்கையில் மீன்காரருக்கும் தெரியும், மருந்துக்கடைக்காரருக்கும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா பூங்காவுக்கு வந்தார். டியூஷன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, நல்ல நாளுக்கு உடுக்கிற சேலையில். மற்றப் பெற்றோரைப் போலவே படம் எடுக்கிற வரிசையில் நின்றார். பிள்ளைகளுக்கு முன்னால் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. முறை வந்தபோது என் பக்கத்தில் நின்று, தோளில் கையைப் போட்டு, கமராவைப் பார்த்தபடியே வாய் அசையாமல் கேட்டார்.

"மத்தியானம் சாப்பிட்டனியோ?"

நான் ஓம் என்று தலையை ஆட்டினேன். நீர்நாயின் தலை பெரியது. மெல்ல ஆட்டினாலும் நன்றாக ஆடும். அம்மாவின் கொண்டையில் மூக்கு இடித்துவிட்டது. அம்மா கொண்டையைச் சரிசெய்துகொண்டு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து நின்றார். அடுத்த ஆள் வரவேண்டும் என்று படம் எடுக்கிறவர் சொல்லும்வரை கையை எடுக்கவில்லை.

மற்ற நாடுகளில் இருக்கிற நீர்நாய்களுக்கும் இனிச் சப்பாத்தைக் கழற்றக்கூடியதாகத் தைக்கப் போகிறார்களாம். கம்பனிப் பெண் மனேஜருக்கு அறிவித்திருந்தார். அதை எப்படிக் கழற்றுவது, எப்படி உள்ளே பார்ப்பது என்று காட்ட என்னை வைத்தே ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னார்கள். எடுத்து அனுப்பினோம். தலையைப் போடாமல், உடுப்பு மட்டும் போட்டு, என் சொந்த முகத்துடன் நடந்து காட்டினேன். முகபாவம் அன்றைக்கும் ஒன்றும் வரவில்லை என்று அண்ணா சொன்னான். கால் அடவு மட்டும் சுத்தமாக இருந்தது.