படுத்துக்கொண்டே போனாள் என் தங்கை

வரலாறு படித்தவர்கள் கடைசியில் எங்கே போய்ச் சேர்கிறார்கள் என்று யாராவது கேட்டால், கம்பெனி பஸ்ஸுக்கு என்று சொல்வேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். உத்திரமேரூரில் இருந்து ஒரகடம் பக்கம் போகும் கம்பெனி பஸ்ஸில் முதல் ஷிப்டுக்கு ஏறிப் பாருங்கள், பாதிப் பேர் எங்கள் கல்லூரியில் பி.ஏ. வரலாறு முடித்தவர்கள்தான். பானிபட்டில் யார் யாரோடு மோதினார்கள் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். சொல்லிவிட்டு அப்படியே தூங்கியும் போவார்கள்.

கல்லூரி சின்னது. கணக்கைக் கண்டால் காய்ச்சல் வருகிறவர்களும், வேறு துறையில் இடம் கிடைக்காதவர்களும் வரலாற்றுக்கு வந்து ஒதுங்குவோம். நான் அப்படி ஒதுங்கியவள். மூன்று வருஷம் கழித்துச் சேர்ந்த என் தங்கை அப்படி இல்லை. வரலாறுதான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். போலீஸ் தேர்வில் அது கைகொடுக்கும் என்பது அவள் கணக்கு. பள்ளிக்கூடம் படிக்கும்போதே போலீஸ், போலீஸ் என்று ஒரே பிடிவாதம்.

ஏன் போலீஸ் என்று நான் கிண்டலாகக் கேட்டிருக்கிறேன். "யூனிஃபார்ம் போட்டுக்கினு பஸ்ல ஏறுனா, எந்தத் தெருப் பொண்ணுன்னு எவனும் கேக்க மாட்டான் இல்ல" என்றாள். எங்கள் தெருவை ஊரில் காலனி என்பார்கள். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போய் எங்களை வளர்த்தாள். எந்தத் தெரு என்ற கேள்வியை நான் காதில் வாங்காத மாதிரி போகப் பழகிக்கொண்டவள். அவள் பழகிக்கொள்ளவில்லை.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. வருஷத்துக்கு ஒரு முறை பழைய மாணவர்களைக் கூப்பிடுவார்கள். சீருடை வேலை கிடைத்தவர்கள், போலீஸோ தீயணைப்போ பட்டாளமோ, சீருடையோடுதான் வர வேண்டும். அவர்களுக்கு முன்வரிசை. கிராம நிர்வாக அலுவலர் ஆன ஒருத்தருக்கு மட்டும் சீருடை இல்லாமலே முன்வரிசையில் இடம் உண்டு, அவருக்குச் சால்வையும் உண்டு. சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவர்கள், கூரியர் கொண்டுபோகிறவர்கள், தனியார் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுப்பவர்கள், என்னைப் போல செல்போனுக்கு உறுப்பு பொருத்துகிறவர்கள் எல்லாம் பின்னால். யாரும் அங்கே உட்காரச் சொல்வதில்லை. நாங்களாகவே போய் உட்கார்ந்துகொள்வோம். முதலாம் ஆண்டு படிக்கும்போதே என் தங்கை அந்த முன்வரிசையைப் பார்த்துவிட்டாள், அதற்குப் பிறகு அவளுக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

எங்கள் ஊர்க் கோயில் சுவரில் இருக்கிற குடவோலைக் கல்வெட்டை வெளியூர்க்காரர்கள் வந்து படம் பிடித்துக்கொண்டு போவார்கள். சபைக்கு யார் நிற்கலாம், யார் நிற்கக் கூடாது என்று அதில் இருப்பதை எங்கள் துறைப் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். வரி கட்டுகிற நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது இன்னது இருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். தங்கை தண்ணீர் பட்ட பாடாக ஒப்பிப்பாள். முடித்துவிட்டு, "நம்ம வூட்டு ஆளுங்க ஒருத்தரும் நின்னிருக்க முடியாதுக்கா, ஆனா பாரு, ஹைட் மட்டும் கேக்கல" என்பாள்.

உயரம்தான் அவளுக்கு வினை. போலீஸில் பெண்களுக்கு என்று ஒரு உயரம் வைத்திருக்கிறார்கள். அவள் அந்தக் கோட்டுக்குக் கீழேயும் இல்லை, மேலேயும் இல்லை, சரியாகக் கோட்டிலேயே ஊசலாடிக்கொண்டிருந்தாள். ஒருநாள் அளந்தால் இருக்கும், மறுநாள் அளந்தால் இருக்காது. எனக்கோ பனைமரம் மாதிரி உயரம். எதற்கும் உதவாத உயரம். பரணில் இருந்து பாத்திரம் எடுக்க மட்டும் அம்மா என்னைக் கூப்பிடுவாள். "உனக்குக் குடுத்ததுல கொஞ்சம் அவளுக்குக் குடுத்திருந்தா கடவுளுக்கு இன்னா கொறஞ்சிடும்" என்று ஒருநாள் வாய்விட்டே சொன்னாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் சொன்னது சரியென்றும் தெரிந்தது.

தங்கை பொழுது விடிந்ததும் ஏரிக்கரையில் ஓடுவாள். துறையில் அவளோடு படித்த தோழி ஒருத்தியும் கூட ஓடுவாள். ஓடி முடித்துவிட்டு வேப்பமரக் கிளையில் தொங்குவார்கள், தொங்கினால் எலும்பு நீளுமாம். எழுத்துத் தேர்வில் இரண்டு பேரும் தேறினார்கள். தங்கைக்குத் தோழியைவிட நல்ல மதிப்பெண். அடுத்தது உடல் தகுதி. காஞ்சிபுரத்து மைதானத்தில் முதலில் உயரம் அளப்பார்கள், அது சரியாக இருந்தால்தான் ஓடவே விடுவார்கள்.

போலீஸுக்குப் போகிற பிள்ளைகளிடம் ஒரு நம்பிக்கை உண்டு. தூங்கி எழுந்த உடனே மனுஷன் கொஞ்சம் உயரமாக இருப்பான், நிற்க நிற்கக் குறைந்துபோவான் என்பார்கள். அதில் பொய்யும் இல்லை, வீட்டுக் கதவு நிலையில் கரிக்கோடு போட்டு நாங்களே பார்த்திருக்கிறோம். அதனால் அளவு எடுக்கும் அன்றைக்கு அவளை நிற்கவும் விடக்கூடாது, உட்காரவும் விடக்கூடாது என்று முடிவாயிற்று. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, நெல் மூட்டை ஏற்றும் குட்டி யானை வண்டி ஓட்டுபவர். பின்னால் வைக்கோல் பரப்பி, அதன் மேல் எங்கள் வீட்டு மெத்தையைப் போட்டார். நாங்கள் தங்கையைப் பாயோடு தூக்கிக்கொண்டு போய் அதில் கிடத்தினோம். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அம்மா முன்னால் ஏறிக்கொண்டாள்.

விடியற்காலைக் குளிரில் அவள் வானத்தைப் பார்த்தபடி வந்தாள். தலையைத் தூக்கினால் நான் அதட்டுவேன்.

"எழுந்துக்காதடி."

"மூக்கு அரிக்குதுக்கா."

"நான் சொறியறேன். நீ பேசாம கெட."

வழியில் ஒரு போலீஸ்காரர் வண்டியை நிறுத்தினார். பின்னால் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இன்னாய்யா இது, ஆஸ்பத்திரிக்கா?" என்றார். மாமா இறங்கிக் கையைக் கட்டிக்கொண்டு, "இல்ல சார், போலீஸுக்குப் போறா, அளவு எடுக்கறாங்க" என்றார். அந்த மனுஷர் விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க செட்லயும் ஒருத்தன் இப்படித்தான் வந்தான், இப்ப ஏட்டு" என்று சொல்லி, வண்டியின் பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பிவைத்தார். தங்கை படுத்தபடியே அவருக்கு சல்யூட் அடித்தாள். அவர் நின்று திருப்பி அடித்தார். அவள் சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில் அதுதான் உச்சம்.

எங்கள் புத்தி மைதானத்து வாசல் வரைக்கும்தான் வேலை செய்தது. உள்ளே வரிசை இருக்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. வரிசையில் யார் படுக்க முடியும்? அவளை இறக்கி உள்ளே அனுப்பிவிட்டு நாங்கள் கம்பி வேலிக்கு வெளியே நின்றோம். வெயில் ஏறிக்கொண்டே போனது. அவள் நின்றுகொண்டே இருந்தாள். நிற்க நிற்கக் குறைவாளே, யாரிடம் போய் என்ன சொல்வது?

அவள் முறை வந்தது. அளவுக்கம்பத்தில் போய் நின்றாள். இறங்கினாள். ஏதோ கேட்டாள். மறுபடி அளப்பதற்கு ஓரமாகப் போய்க் காத்திருக்கச் சொன்னார்கள் போலிருக்கிறது, அங்கே இன்னும் சில பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். மதியத்துக்கு மேல் கூப்பிட்டு அளந்தார்கள். முதல் தடவை அரை சென்டிமீட்டர் குறைவு. இரண்டாவது தடவை இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தாள். அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, அளந்ததைத்தான் சொன்னார்கள். அந்தப் பக்கம் தோழி ஓடித் தேறியதை வேலிக்கு வெளியே இருந்தே நான் பார்த்தேன். பாழாய்ப்போன மனசு அவளுக்காகச் சந்தோஷப்படவில்லை.

தங்கை வெளியே வந்து, "வா, எதுனா துண்ணலாம், பசிக்குது" என்றாள். அழவில்லை. ஓட்டலில் தோசையைச் சுத்தமாகச் சாப்பிட்டாள். அழுதிருந்தால் தேற்றியிருக்கலாம். ஓட்டம் பத்தவில்லை என்றால் இன்னும் ஓடலாம், படிப்பு பத்தவில்லை என்றால் இன்னும் படிக்கலாம், உயரம் பத்தவில்லை என்றால் அடுத்த வருஷம் எதைச் செய்துவிட்டுப் போய் நிற்பது? அது அவளுக்கு எங்களுக்கு முன்பே புரிந்துவிட்டது. ஆபீஸ் வேலைக்குத் தேர்வு எழுதேன் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எழுதினாள், கடனே என்று. கொஞ்ச நாளில் எங்கள் கம்பெனியிலேயே சேர்ந்தாள். ஒரே பஸ்ஸில் போய் வந்தோம். எங்கள் கம்பெனியிலும் சீருடை உண்டு, நீலக் கோட்டு. அதைப் போட்டுக்கொள்ளும்போது அவள் கண்ணாடி பார்க்க மாட்டாள்.

அடுத்த வருஷம் பழைய மாணவர்கள் கூட்டத்துக்கு அவள் வர மாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். என் பக்கத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, முன்வரிசைக்குப் போன தோழிக்குக் கை வலிக்கத் தட்டினாள். கூட்டம் முடிந்ததும் தோழி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு தன் தொப்பியைக் கழற்றி இவள் தலையில் வைத்து, கன்னத்தோடு கன்னம் வைத்து ஒரு செல்ஃபி எடுத்தாள். தொப்பி கச்சிதமாக இருந்தது. படத்தில் முகமும் தொப்பியும்தான் தெரிந்தன. தோழி அதை வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைத்தாள், அன்பில்தான் வைத்தாள்.

அது தெருவுக்குள் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்? மறுநாள் அம்மா களையெடுக்கப் போன இடத்தில், "உன் சின்னப் பொண்ணு போலீஸ் ஆயிட்டாளாமே" என்று கேட்டிருக்கிறார்கள். இல்லை என்று சொல்ல வேண்டியதுதானே? அம்மா சிரித்திருக்கிறாள். பிறகு இன்னொருத்தி கேட்டபோது, "ஆமா, மெட்ராஸ் பக்கம் போடப்போறாங்க" என்றே சொல்லிவிட்டாள். இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. நாங்கள் ஷிப்டுக்குப் போய்விட்டோம்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் இருந்து இறங்கி வீட்டுக்கு வந்தால், பின்தெருவில் இருக்கிற ஒரு பெரியம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். தங்கையைப் பார்த்ததும் எழுந்து வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். அவள் மகளைப் புருஷன் அடித்துக் கையை உடைத்துவிட்டானாம். புகார் கொடுக்கப் போனால் நாளைக்கு வா, நாளைக்கு வா என்று திருப்பி அனுப்புகிறார்களாம்.

"நீ ஒரு வார்த்த சொன்னா போதும் கண்ணு. நம்ம புள்ள ஒண்ணு போலீஸ்ல கீதுன்னு தெரிஞ்சா அவன் அடங்கிடுவான்."

தங்கைக்கு முதலில் புரியவில்லை. அம்மாவைப் பார்த்தாள். அம்மா தலையைத் தூக்கவில்லை. அப்போது புரிந்துவிட்டது.

"நான் போலீஸ் இல்ல பெரிம்மா" என்றாள். அந்த வார்த்தையை அவள் வாயால் சொல்லி நான் அன்றைக்குத்தான் கேட்டேன். "ஹைட் பத்தல. எடுத்துக்கல. அது ஃபிரெண்டு தொப்பி."

பெரியம்மா நம்பவில்லை. அலைய வைக்கப் பார்க்கிறாள் என்று நினைத்த மாதிரி கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். தங்கை கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைத் தூக்கிக் காட்டினாள். "பாரு, செல்போன் கம்பெனி. ஆனா நான் கூட வரேன் பெரிம்மா. நாளைக்கு லீவு போடறேன். புகார் நானே எழுதறேன், எழுதி வாங்குற வரைக்கும் அங்கயே உக்காந்துக்கலாம். அவங்க வாங்கித்தான் ஆவணும், நான் படிச்சிருக்கேன்."

பெரியம்மா நீலக் கோட்டைப் பார்த்தாள், அட்டையைப் பார்த்தாள். பிடித்த கையை விட்டாள். கோபமே இல்லை அவளுக்கு. தங்கையின் கன்னத்தைத் தடவிக்கொடுத்து, "நீ வந்து இன்னா கண்ணு ஆவப்போவுது, நீயும் நம்மள மாதிரி தான" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்துபோனாள்.

மைதானத்தில் அழாத என் தங்கை அப்போதுதான் அழுதாள். வாசலிலேயே உட்கார்ந்து, தெருவே பார்க்க, குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதாள். அம்மா பக்கத்தில் போனாள், தொடப் பயந்து நின்றாள். நான் உட்கார்ந்து அவளைக் கட்டிக்கொண்டேன். "அரை சென்டிமீட்டர் இருந்திருந்தா அந்தம்மா என்னக் கூட்டிக்கினு போயிருக்கும் இல்லக்கா" என்றாள்.

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது, உண்மை அதுதானே.