கறையக்கா கேமரா வாங்குகிறார்

"சார், முழங்கைக்குக் கீழே கிரீஸ்! சோப்பு போட்டுத் தேய்ச்சுடாதீங்க, இன்னும் உள்ளே போய் உட்கார்ந்துக்கும். சாயங்காலம் கழட்டிக் கொண்டாந்து குடுங்க!"

எதிர்ச்சாரியில் பேருந்துக்காக நின்றவர் திடுக்கிட்டுத் தன் கையைத் திருப்பிப் பார்க்கிறார். கிரீஸ் இருக்கிறது. சலவைக் கடை வாசலில் இடுப்பில் கைவைத்து நிற்கும் பெண்மணிக்கு அவரை முன்பின் தெரியாது. நாளைக்கு வந்தாலும் அடையாளம் தெரியாது. சட்டை வந்தால் தெரியும்.

தெருவில் இவருக்குக் கறையக்கா என்று பேர். யார் வைத்தது என்று தெரியவில்லை. இவருக்கும் அதில் வருத்தமில்லை. இவர் மற்றவர்களுக்கு வைத்திருக்கும் பெயர்களும் அந்தச் சாதிதான். மை வக்கீல், சாக்லேட்டு அம்மா, லிப்ஸ்டிக் மேனேஜர். கடைசிப் பெயர் எப்படி வந்தது என்று யார் கேட்டாலும் வாயைத் திறக்கமாட்டார். "தொழில் ரகசியம். ஒரு குடும்பம் கெட்டுடும்."

கடை நீளமானது, அகலம் குறைவு. வாசலில் ஒரு மேசை, அதற்குப் பின்னால் தேய்க்கும் பலகை, அதற்கும் பின்னால் இயந்திரம். தலைக்கு மேலே உறை போட்ட துணிகள் வரிசையாகத் தொங்கும். காற்றடித்தால் எல்லாம் சேர்ந்து சரசரக்கும். தண்ணீரில் துவைப்பதும் இயந்திரத்தில் போடுவதும் தங்கையின் வேலை. அவளைச் சின்னவள் என்றே எல்லாரும் கூப்பிடுகிறார்கள். தேய்ப்பது மட்டும் அக்கா. அதிலும் பட்டு என்றால் பெட்டியை வேறு யாரும் தொடக்கூடாது. பட்டின் மேல் ஒரு மெல்லிய வெள்ளைத் துணியை விரித்து, அதன் மேல்தான் பெட்டி ஓடும். ஓடும்போது பேசமாட்டார். பேசாத கறையக்காவைப் பார்க்க வேண்டுமென்றால் பட்டு தேய்க்கும் நேரத்தில் போக வேண்டும்.

எதிர்ச்சாரியில் போகிறவரின் காலர் அழுக்கை இங்கிருந்து சொல்லிவிடும் கண், கையிலிருக்கும் துணியைப் பார்க்க மட்டும் கொஞ்ச நாளாக முழங்கையை நீட்டச் சொல்கிறது. பட்டனில் நூல் கோக்கும்போது ஊசி ஒரு ஊரிலும் தலை இன்னொரு ஊரிலும் இருக்கும்.

"கண்ணாடி போட்டா உன் கிரீடம் கழண்டு விழுந்துடுமாக்கா?"

"எனக்கு எதுக்குடி கண்ணாடி? பஸ்ஸுல உட்கார்ந்திருக்கறவன் சட்டையில என்ன சிந்தியிருக்குன்னு கேளு, சொல்றேன்."

"பஸ்ஸா இங்க துணி போடுது?"

இப்படிப் பேசிக்கொண்டிருந்த கடையில்தான் பாட்டு டீச்சரின் உடை வந்து மாட்டிக்கொண்டது.

டீச்சர் அடுத்த தெருவில் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர். மேடையேறும்போது உடுத்துவதற்கென்று சந்தன நிறத்தில் ஒரு நீளமான பட்டு அங்கி வைத்திருக்கிறார். அதைக் கறையக்காவைத் தவிர யாரிடமும் கொடுத்ததில்லை. இந்த முறை அவசரமாகக் கொடுத்து, மேடைக்குப் போகிற வழியில் உறையோடு வாங்கிப் போனார். அங்கே போய்ப் பிரித்தபோது மடியருகில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பழுப்பு. வேறு வழியில்லாமல் மேலே ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு பாடியிருக்கிறார்.

மறுநாள் காலையில் அங்கியை மேசையில் வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கறையக்காவுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நஷ்டஈடெல்லாம் கேட்கலம்மா. எத்தனை வருஷமா உங்கிட்டதான் குடுக்கறேன். 'தப்பு நடந்துபோச்சு டீச்சர்'னு ஒரு வார்த்தை சொல்லு, போதும்."

"நடக்காத தப்பை எப்படி டீச்சர் ஒத்துக்கறது? இது டீ. வரும்போதே இருந்திருக்கு."

"நான் பொய் சொல்றேங்கறியா?"

"நீங்க கவனிக்கலைங்கறேன்."

டீச்சர் அங்கியை எடுக்காமலே போய்விட்டார். அது தனியாக ஓர் ஆணியில், உறைக்குள், வாரக்கணக்காகத் தொங்கியது. டீ என்றால் கறையக்காவுக்கு அரை மணி நேர வேலை. ஆனால் கை வைக்கவில்லை. "தொட்டா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்றார். பழுப்பு அப்படியே சாட்சியாக இருக்க வேண்டும் என்பது அவர் முடிவு.

துணி வருவது நிற்கவில்லை. ஆனால் மூட்டையை எறிந்துவிட்டுப் போகிற சாக்லேட்டு அம்மா, இப்போது உறையைப் பிரித்து, கால்சட்டையை வெயிலில் தூக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார். அவர் போகும்வரை கறையக்கா சிரித்த முகமாக நின்றார். போனதும் காலி ஹேங்கர்களை எடுத்து ஒவ்வொன்றாகக் கூடைக்குள் எறிந்தார்.

விலையுயர்ந்த துணி எது வந்தாலும் சின்னவள் தன் போனில் ஒரு படம் எடுத்துவைப்பது வழக்கம். அங்கியையும் எடுத்திருந்தாள். படத்தில் பழுப்பைக் காணோம்.

"கறையே இல்லையேக்கா. அப்போ..."

"என்ன அப்போ? உன்னையே ஒரு படம் எடு. இந்தக் கன்னத்துல இருக்கற பரு அதுல இருக்கா?"

இல்லை.

"பருவையே காணோம், டீயா தெரியப்போகுது? இந்தப் போனு எதை எடுத்தாலும் வெளுத்துடுது. வெளுக்கறது என் வேலையா, அதோட வேலையா?"

அன்றைக்கே தீர்மானமாகிவிட்டது. வெளுக்காத கேமரா ஒன்று வாங்க வேண்டும். இனிமேல் வருகிற துணியை வந்தவர் கண்முன்னாலேயே படம் பிடித்துவிட வேண்டும். அதற்கு முன்னால் டீச்சரை உட்காரவைத்து அந்த அங்கியைப் படம் பிடித்து, அது டீதான் என்று காட்ட வேண்டும். "என் வாய்ச்சொல் செல்லலைன்னா படம் பேசட்டும்."

கேமராக் கடை வழுக்கைத் தலைக்காரர் இத்தனை காலம் எத்தனையோ பேருக்கு விற்றிருப்பார். குழந்தை பிறந்திருக்கிறது என்பார்கள், ஊர் சுற்றப் போகிறோம் என்பார்கள். கறை எடுக்க வேண்டும் என்று வந்தவர் இவர்தான். முதலில் அவர் சிவப்பு நிறத்தில் ஒன்றைக் காட்டினார். உள்ளங்கைக்குள் அடங்கியது. தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்கும், திரையை முன்பக்கம் திருப்பிக்கொள்ளலாம், எடுத்த படம் கண்ணாடிபோல் பளிச்சென்று வரும்.

"வேற?"

அடித்தட்டிலிருந்து கறுப்பாக, கொஞ்சம் தடிமனாக இன்னொன்று வந்தது. பட்டனை அழுத்தியும் எழுந்திருக்கவே யோசித்தது. "இது அவ்வளவா போகாதும்மா. பல் டாக்டருங்க வாங்குவாங்க. ஒரு விரக்கடை கிட்டே போனாலும் தெளிவா விழும். ஆனா அழகா இருக்காது."

"எது அழகா இருக்காது, கேமராவா, படமா?"

"ரெண்டுமேதான்."

கறையக்கா சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு வழுக்கைத் தலைக்காரரின் சட்டைப் பையைப் பார்த்தார். அடியில் பேனா மை கசிந்திருந்தது. "அசையாம நில்லுங்க." சிவப்பு அதை அழகான நீலப்பூ ஆக்கியது. கறுப்பு, மையை மையாகவே காட்டி, பக்கத்தில் இருந்த இன்னொரு பழைய கறையையும் சேர்த்துக் காட்டியது. அவர் அவசரமாகப் பையைக் கையால் மூடிக்கொண்டார்.

அத்தோடு வாங்கிவிடுவார் என்று சின்னவள் நினைத்தாள். மறுநாளும் போனார்கள், அதற்கடுத்த நாளும் போனார்கள். சிவப்பு கைக்குப் பாந்தமாக இருக்கிறது; கறுப்பு படத்தைச் சேமிக்க நேரம் எடுக்கிறது. கூட்டமான நேரத்தில் வரிசையில் நிற்பவர் பொறுப்பாரா? சிவப்பின் திரை பெரியது. கறுப்பின் பட்டன் விரலுக்குத் தெரிகிறது. வழுக்கைத் தலைக்காரர் இதற்குள் தினமும் சலவைச் சட்டையாகப் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்திருந்தார்.

"இங்க இருக்கற வெளிச்சத்துல எல்லாமே நல்லாத்தான் இருக்கும். என் கடை டியூப் லைட்டு அடியில பார்த்தாதான் எனக்கு நம்பிக்கை. ரெண்டையும் எடுத்துக்கிட்டு வாங்க."

"கடையை விட்டுட்டு எப்படிம்மா..."

"ஒரு கோட்டு எடுத்துக்கிட்டு வாங்க. சும்மா போட்டுத் தரேன்."

வந்தார். மதியத்தில், கோட்டோடும் இரண்டு கேமராவோடும் வந்தார். டீச்சரும் வந்திருந்தார், சின்னவள் போய் எப்படியோ அழைத்து வந்திருந்தாள். நாற்காலி போட்டும் உட்காராமல், மேசைக்கு அந்தப் பக்கம், பையை மார்போடு பிடித்தபடி நின்றார்.

அங்கியைப் பலகை மேல் விரித்து, பழுப்பு இருந்த இடத்தைக் கறையக்கா உள்ளங்கையால் சமன்படுத்தினார். முதலில் சிவப்பு. ஒரே நொடியில் படம் விழுந்தது. பளபளவென்று சந்தன நிறம். நடுவில் இளம்பழுப்பாக ஒரு மேகம், ஓரமெல்லாம் கலைந்து.

"பார்த்தீங்களா டீச்சர்? ஓரம் எப்படிக் கரைஞ்சு போயிருக்கு. சிந்தினதுதான் இப்படிப் பரவும்."

டீச்சர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். முகத்தில் இருந்த விறைப்பு மெல்ல இறங்கியது.

"போன தடவை மேடைக்குப் பின்னாடி யாரோ டீ குடுத்தாங்க. கையில வெச்சுக்கிட்டுப் பேசிக்கிட்டிருந்தேன். ஒருவேளை நானேதான்..." நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "வயசாகுதில்லம்மா. கவனிக்காம உன்னை நாலு பேர்கிட்ட சொல்லிட்டேனே."

"அதெல்லாம் விடுங்க டீச்சர்." கறையக்காவின் குரலில் பல வாரங்களாக இல்லாத ஒரு தெம்பு வந்திருந்தது. "சின்னவளே, டீச்சருக்குத் தண்ணி குடு."

வழுக்கைத் தலைக்காரர் சிவப்புக் கேமராவின் டப்பாவைத் திறந்தார். "அப்போ இதையே பில் போட்டுடலாமாம்மா?"

"இருங்க. இன்னொண்ணைப் பார்க்காம எப்படி? ரெண்டையும் பார்த்துத்தானே வாங்கணும்."

கறுப்பை எடுத்தார். அது நிதானமாகக் கண் விழித்தது. அதன் மூக்கு அங்கியை முட்டும் அளவுக்குக் கிட்டே கொண்டுபோய், மூச்சைப் பிடித்து அழுத்தினார். சேமிக்கும்வரை காத்திருந்தார். படம் வந்தது. பெரிதாக்கும் பட்டனைத் தட்டினார். மறுபடி தட்டினார்.

பட்டு இழைகள் பாய் பின்னியதுபோல் தனித்தனியாகத் தெரிந்தன. பழுப்புக்குள் இருந்த இழைகள் தட்டையாகி, மினுங்கின. ஓரம் எங்கும் கரையவில்லை. படகின் முனைபோல் ஒரே வளைவாக, வெட்டினாற்போல் நின்றது. அதற்குள் சின்னச் சின்ன வட்டங்கள் மூன்று. அங்கே மட்டும் பட்டு பழைய சந்தன நிறத்திலேயே இருந்தது. ஆவி வருவதற்காக இஸ்திரிப் பெட்டியின் அடியில் துளை இருக்கும். துளை இருக்கும் இடத்தில் இரும்பு இல்லை. இரும்பு இல்லாத இடத்தில் சூடு படாது. விரித்த வெள்ளைத் துணி அந்த இடத்தில் விலகியிருந்திருக்க வேண்டும்.

கறையக்காவின் கட்டைவிரல் அப்படியே நின்றது. பெட்டி அவர் கைக்கு எட்டும் தூரத்தில், தன் தாங்கியில், முனை மேலே நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தது. அதைத் திரும்பிப் பார்க்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை.

தண்ணீர்க் குவளையோடு வந்த சின்னவள் அக்காவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் குவளையை மேசையில் வைத்தாள். டீச்சருக்குக் கேட்கிற மாதிரி, "இது சரியா விழலக்கா. சிவப்பே நல்லாருக்கு" என்றாள். பிறகு, கேட்காத மாதிரி, "அழிச்சுடு" என்றாள். அவள் விரல் குப்பைத்தொட்டி போட்ட பட்டனுக்குப் போனது.

"என்னம்மா, நானும் பார்க்கணுமா?" நாற்காலியில் இருந்தபடியே டீச்சர் கேட்டார். "வேண்டாம், விடு. நீ சொன்னா சரிதான்."

இயந்திரம் சுற்றி முடித்து நின்றது. மேலே தொங்கிய உறைகள் லேசாகச் சரசரத்தன. வழுக்கைத் தலைக்காரர் எந்த டப்பாவை மூடுவது என்று தெரியாமல் இரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

கறையக்கா தங்கையின் விரலைப் பிடித்து அப்பால் நகர்த்தினார். பெரிதாக்கும் பட்டனை இன்னும் ஒரு தடவை, திரை முழுக்க அந்த மூன்று வட்டங்கள் மட்டுமே நிற்கும்வரை, அழுத்தினார். பிறகு மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து, டீச்சரின் முன்னால் குனிந்து, கேமராவை இரண்டு கையாலும் பிடித்துத் திரையை அவர் பக்கம் திருப்பினார்.