அறுபதாவது பிறந்தநாளுக்கு வந்த தலைவர்

பிரெஞ்சு பேசும் நகரம் ஒன்றின் செயின்ட்-மிஷேல் பகுதியில், ஆஸ்பத்திரித் துணி தோய்க்கும் ஆலை ஒன்றில் சிவநேசம் பத்தொன்பது வருசமாக வேலை செய்கிறாள். அதில் பதினேழு வருசம் பின்னேர வேலை. கணவர் இரவிச்சந்திரனுக்கு நகரின் மறுபுறம் லாசாலில் பகல் வேலை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, பிரிட்ஜ் கதவில் துண்டு எழுதி ஒட்டித்தான் குடும்பம் நடத்தினார்கள். சேவை மூப்பின்படி அவளுக்குக் காலை வேலை கிடைத்து இரண்டு வருசந்தான் ஆகிறது. இப்போது இருவரும் ஒன்றாக இருந்து இரவுச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். மனுசர் தட்டைக் கழுவாமல் எழும்பிப் போகிறவர் என்பதே அவளுக்கு அதற்குப் பிறகுதான் தெரியவந்தது. அது வேறு கதை.

அந்தக் காலை வேலைக்குத்தான் ஆப்பு வைத்திருக்கிறார்கள். புதிய ஒப்பந்தப்படி சேவை மூப்பெல்லாம் இனிச் செல்லாதாம். யாரை எந்த நேரத்துக்குப் போடுவது என்று நிர்வாகமே தீர்மானிக்குமாம். இதற்குத் தலையாட்டிவிட்டு வந்தவன் தொழிற்சங்கத் தலைவன் வசீகரன். இனி வியாழக்கிழமை தொழிலாளர் வாக்குப் போட்டு ஏற்பதுதான் பாக்கி. "எங்கட பெடியன், பிரெஞ்சு அவனுக்குத் தண்ணி பட்ட பாடு" என்று சாப்பாட்டறையில் மேசை மேசையாகப் போய் அவனுக்கு வாக்குச் சேர்த்தவளும் சாட்சாத் சிவநேசம்தான். யாரை நோவது?

விளக்கம் கேட்கப் பதினொரு தரம் போன் அடித்தாள். அவன் எடுக்கவில்லை. ஆனால் எந்தத் தமிழர் வீட்டுக் கொண்டாட்டத்திலும் முன்வரிசையில் இருப்பான். ஆகவே கணவரின் போனிலிருந்து ஒரு செய்தி அனுப்பினாள்: ஞாயிறு பதினொரு மணிக்கு அவருக்கு அறுபதாவது பிறந்தநாள், வீட்டில் சாப்பாடு. ஒரு நிமிசத்தில், "ஓம் அண்ணை, கட்டாயம் வாறன்" என்று பதில் வந்தது.

"எனக்கு ஐம்பத்தேழுதானே, ஏன் கிழவனாக்கிறாய்?" என்று இரவிச்சந்திரன் முனகினார்.

ஞாயிறன்று வசீகரன் பட்டுவேட்டியும் பரிசுப் பெட்டியுமாகப் பேஸ்மென்டுக்கு இறங்கினான். கேக்கும் இல்லை, பலூனும் இல்லை. ஆலையில் வேலை செய்யும் தமிழர் முப்பத்தெட்டுப் பேர் ஒப்பந்தத் தாளோடு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏன் தம்பி இதுக்கு ஓம் எண்டனீர்?" என்று சிவநேசம் கேட்டாள்.

"பேச்சுவார்த்தை எண்டா விட்டுக் குடுக்கிறதும் இருக்கும்தானே அக்கா."

எல்லோரிலும் கூடக் கொதித்தவள் தாட்சாயினி; சிவநேசத்தோடு ஒரே மெசினில் துணி மடிப்பவள். "எங்களை வித்துப்போட்டு வந்து கதை சொல்லுறீர். வெக்கமில்லையே உமக்கு?"

வசீகரன் பரிசுப் பெட்டியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டான். "அவங்கள் பிரெஞ்சில சட்டக்கதை கதைக்க எனக்குப் பாதி விளங்கேல்லை. விளங்கேல்லை எண்டு சொல்ல வெக்கமாய்க் கிடந்தது" என்றான். கண் கலங்கிவிட்டது.

சிவநேசத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அட கோதாரி, வாய் திறந்து ஒரு சொல் கேட்டிருந்தால் குறைந்தா போயிருப்பான்? "சரி, வியாழக்கிழமை எல்லாரும் வேண்டாம் எண்டு வாக்குப் போடுவம். நீர் திரும்பப் போய் ஒழுங்காய்க் கதையும்" என்றாள். முப்பத்தெட்டுப் பேரும் சம்மதித்தார்கள். ஆட்டிறைச்சிக் கறி மட்டும் உண்மையாகவே இருந்தபடியால், வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

வியாழக்கிழமை இரகசிய வாக்கெடுப்பு. ஒப்பந்தம் ஒன்பது வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது. மறுநாளே புதிய நேர அட்டவணையைச் சுவரில் ஒட்டிவிட்டார்கள்.

"முப்பத்தெட்டு வாக்கும் எங்க போச்சுது?" பஸ்ஸில் வீடு திரும்பும்போது சிவநேசம் கேட்டாள்.

தாட்சாயினி யன்னலைப் பார்த்தபடி சொன்னாள். "கோவிக்காதேங்கோ அக்கா. நான் ஓம் எண்டுதான் போட்டனான்."

"என்னடி சொல்லுறாய்?"

"பாவம் பெடியன். ஒப்பந்தம் தோத்தா வெள்ளையளுக்கு முன்னால தலைகுனிஞ்செல்லோ நிக்கோணும். எங்கட ஆளை நாங்களே விழுத்திறதே? அண்டைக்கு உங்கட வீட்டில இருந்து வரேக்க எல்லாரும் அப்பிடித்தான் கதைச்சவை."

சிவநேசம் போனில் படம் பிடித்து வைத்திருந்த அட்டவணையை எடுத்துப் பார்த்தாள். திங்கள் தொடக்கம் அவளுக்குப் பின்னேரம் மூன்று மணிக்கு வேலை. இரவிச்சந்திரன் தனியேதான் சாப்பிட வேண்டும்.

"உங்களுக்கும் மூண்டு மணிக்கோ அக்கா?" என்றாள் தாட்சாயினி. "எனக்கும் அதுதான். அப்ப ரெண்டு பேரும் ஒண்டாப் போவம்."