வெள்ளப் பலகை இறங்காத வாசல்

பரமேஸ்வரன் போன மாசியில் போய்ச் சேர்ந்தார். இனி நான் வாயைத் திறக்கலாம். என் வீட்டுக்காரர் லியனார்ட் இன்னமும் "வேணாம் மேரி, விடு லா" என்றுதான் சொல்கிறார். அவர் அப்படித்தான் சொல்வார். ஊர் வாயில் விழுந்து எழுந்த மனிதருக்குக் கோபமே வரவில்லை. அவருக்கு வர வேண்டிய கோபத்தையும் சேர்த்து நான்தான் பட்டுக்கொண்டிருக்கிறேன்.

லியனார்ட் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவர். அவருடைய அப்பா தண்டவாளத்தில் கொடி காட்டினார். இவருக்குச் சுரங்க ரயிலில் வேலை கிடைத்தபோது, "எங்கப்பா பூமிக்கு மேல, நான் பூமிக்குக் கீழ" என்று கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டார். பெரிய உத்தியோகம் ஒன்றுமில்லை. ஸ்டேஷன் வாசலில் நின்று வழி சொல்வார், மெஷின் டிக்கெட்டை விழுங்கினால் தட்டி எடுத்துக் கொடுப்பார். அதோடு, ஆறு ஏறினால் வாசலில் வெள்ளப் பலகை போடுவதும் அவர் பொறுப்பு.

அந்த ஸ்டேஷன் ஆற்றை ஒட்டி இருக்கிறது. பெயர் வேண்டாம். வாசலின் குறுக்கே தரையில் நீளமாக, ஒடுக்கமாக ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். வெள்ளம் வந்தால் அலுமினியப் பலகைகளை அந்தப் பள்ளத்தில் இறக்கி, இருபுறமும் முடுக்கிவிட வேண்டும். பலகை அடிவரை இறங்கி உட்கார்ந்தால்தான் தண்ணீர் வெளியே நிற்கும். இல்லையென்றால் ஆறு படிக்கட்டில் இறங்கி நேரே சுரங்கத்துக்குள் போகும்.

பரமேஸ்வரன் எங்கள் பிளாட்டில் கீழ்வீட்டுக்காரர். பிறந்ததிலிருந்தே கண் தெரியாது. மசாஜ் கடையில் வேலை. பெரிய ரோட்டைக் கடந்து கடைக்குப் போக வேண்டும். லோரியும் பஸ்ஸும் பறக்கிற அந்த ரோட்டை மேலே கடக்க முடியாது. அதனால் ஸ்டேஷன் வாசலில் இறங்கி, கீழேயே நடந்து அந்தப் பக்கம் ஏறுவார். யாராவது முழங்கையைப் பிடித்தால் போச்சு. "நான் என்ன பாசார் சாமானா? கைய எடு" என்று சுள்ளென்று விழுவார். மனைவி செத்த பிறகு மகன் விமலனை அவர் ஒருத்தராகத்தான் வளர்த்தார். யாரிடமும் ஒரு வாய் சீனி கூடக் கேட்டதில்லை. அவ்வளவு ரோஷம்.

அந்த ரோஷக்காரரின் தடி ஒரு நாள் காலையில் வாசல் பள்ளத்தில் மாட்டியது. நிலைதடுமாறி விழுந்தார், மணிக்கட்டு ஒடிந்தது. மசாஜ்காரருக்கு மணிக்கட்டு போனால் என்ன மிச்சம்? கையில் மாவுக்கட்டோடு மாதக்கணக்கில் வீட்டில் கிடந்தார். லியனார்ட் தினமும் போய்ப் பார்ப்பார். பார்த்துவிட்டு வந்து சாப்பிடாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பார்.

சும்மா இருக்கவில்லை அவர். ஆபீசுக்குப் போய் இஞ்சினியர் கௌசல்யாவிடம் முறையிட்டார். நல்ல பெண் அது. உடனே வந்து குனிந்து பார்த்தது.

"அங்கிள், இது மேல ஒரு இரும்புத் தட்டு போட்டுக்கலாம். பலகை போடுறப்ப தூக்கிடலாம். நான் கேட்டு வாங்கித் தரேன். அதுவரைக்கும் பள்ளத்துல மட்டும் கை வெச்சுடாதீங்க, ப்ளீஸ்."

தட்டு வரவே இல்லை. மேலே கேட்டால் அடுத்த மாதம், அடுத்த மாதம் என்றார்கள். இதற்குள் பரமேஸ்வரன் கட்டுப் பிரித்து வேலைக்குப் புறப்பட்டுவிட்டார். முதல் நாளே தடி அதே பள்ளத்தில் மாட்டியது. விழவில்லை, ஆனால் நடுங்கிப் போய் வாசலிலேயே நின்றிருக்கிறார். லியனார்ட் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கையைப் பிடித்தால் திட்டுவார் என்று கிட்டே போகவில்லை.

அந்த ஞாயிறு பூசை முடிந்து வந்தவர், சட்டையை மாற்றிக்கொண்டு சிமெண்டும் கரண்டியுமாகக் கிளம்பினார்.

"என்னங்க இது வேண்டாத வேலை? அந்தப் பொண்ணு தொடாதீங்கன்னு சொல்லிச்சே!" என்று கத்தினேன்.

"மழைக்காலத்துக்கு முன்னாடி ஒடச்சி எடுத்துடுறேன் மேரி. எப்பவோ வரப்போற தண்ணிக்காக, தெனம் நடக்குறவன் விழணுமா?"

பள்ளம் மட்டமானது. பரமேஸ்வரனின் தடி வழுக்கிக்கொண்டு போனது. "அட, யாரு லென் இத மூடுனது?" என்று கேட்டிருக்கிறார். "ஆபீஸ்ல வந்து போட்டாங்க" என்று இவர் புளுகினார். உனக்காக நான் செய்தேன் என்று சொன்னால் அந்த மனுஷன் மறுநாளிலிருந்து அந்த வாசலையே மிதிக்க மாட்டார். அது இவருக்குத் தெரியும்.

விமலன் அதே ஸ்டேஷனில் பம்ப் வேலை பார்த்தான். லியனார்ட்தான் சொல்லிச் சேர்த்துவிட்டார். மழை இல்லாத நாளிலும் சுரங்கத்தில் தண்ணீர் கசியும். அதை ஓயாமல் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். வேலை முடிந்து சில நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவான். ஒரு நாள் தட்டில் மீ கோரெங் நூடுல்ஸைக் கிளறிக்கொண்டே சொன்னான்: "ஆன்டி, கீழ எல்லாம் சுண்ணாம்புக் கல்லு, ஓட்டை ஓட்டையா இருக்கும். அதுக்கு மேல பழைய காலத்துல ஈயம் தோண்டுன குட்டை மணல். தெளிஞ்ச தண்ணி வந்தா பயம் இல்ல. மணலோட வந்தா வெளிய மண்ணு காலியாவுதுன்னு கௌசல்யா அக்கா சொன்னாங்க. இந்த வாரம் ஆத்துப் பக்கம் மணலாத்தான் வருது."

"அப்ப நீ ஏன்டா கீழ நிக்கிற?"

"நான் நிக்கலன்னா யாரு நிப்பா ஆன்டி?" என்று சிரித்தான். 

அந்த வருடம் மழை முந்திக்கொண்டது. பின்னேரம் பிடித்த மழையில் ஆறு மதகுக்கு மேலே ஏறி ரோட்டுக்கு வந்துவிட்டது. பயணிகளை எல்லாம் வெளியேற்றிவிட்டு லியனார்ட் பலகைகளை இறக்கினார். பலகை சிமெண்ட் மேல் உட்கார்ந்துகொண்டு கீழே போக மாட்டேன் என்றது. முடுக்கியும் பிடிக்கவில்லை. கம்பியை எடுத்து சிமெண்டைக் குத்தினார். அது உடைந்தால்தானே! எதைச் செய்தாலும் உருப்படியாகச் செய்கிற மனிதர் அல்லவா, கல்லாக இறுகிக் கிடந்தது. இதை எழுதும்போதும் எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பலகையின் அடியில் தண்ணீர் சீறியது. வாக்கி டாக்கியில் விமலனைக் கூப்பிட்டார்.

"வெளிய வந்துடுடா! பலகை நிக்கல!"

"மணலு பம்ப்ப அடைக்குது அங்கிள். ஒரு நிமிஷம், மாத்திவிட்டுட்டு வரேன்."

அந்த ஒரு நிமிஷத்தில் பலகை சாய்ந்தது. ஆறு படிக்கட்டில் இறங்கியது. விளக்கு அணைந்தது.

லியனார்ட் பின்னாலேயே இறங்கி ஓடினார். பம்ப் அறையின் கதவு நடையின் பக்கம்தான் திறக்கும். நடையில் தண்ணீர் இடுப்பளவு நின்று கதவை அழுத்திக்கொண்டிருந்தது. இவர் வெளியிலிருந்து இழுத்தார், அவன் உள்ளேயிருந்து தள்ளினான். கதவு அசையவில்லை. கதவின் இடுக்கு வழியாக அறைக்குள் தண்ணீர் ஏறியது. "அங்கிள், அங்கிள்" என்று தட்டிக்கொண்டே இருந்தானாம். பிறகு தட்டுவது நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் இவர் இழுத்துக்கொண்டிருந்தார். போம்பா தீயணைப்புக்காரர்கள் வந்து இடுப்பில் கயிறு கட்டி இவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு கையிலும் நகம் இல்லை.

விடிந்தபோது ஆற்றோரத்து ரோட்டில் ஒரு துண்டு உள்ளே போயிருந்தது. சுரங்கத்தின் பிளவு வழியாக மணல் உருவிக்கொண்டு போனதாம். ஊரே வந்து அந்தக் குழியைப் போட்டோ எடுத்தது. மனிதர்கள் விமலனைத் தேடி வந்தார்களா, குழியைப் பார்க்க வந்தார்களா என்றே தெரியவில்லை.

விசாரணையில் யாரும் கேட்பதற்கு முன்பே லியனார்ட் எழுந்து நின்று, "பள்ளத்த மூடுனது நான்தான்" என்றார். எதற்காக என்று கேட்டார்கள். "துடைக்கிற ட்ராலி சக்கரம் மாட்டிக்கிட்டே இருந்துச்சி. எடஞ்சலா இருந்துச்சி."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கௌசல்யாவுக்கு உண்மை தெரியும். முந்தின நாளே அவள் கையைப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாதே என்று இவர் கெஞ்சியிருக்கிறார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "உண்மையச் சொன்னா நாலு பேராவது பாவம்னு நெனப்பாங்களே! சோம்பேறித்தனத்துக்கு ஒரு உசுரக் கொன்னவன்னு பேரு வாங்கிட்டு வந்திருக்கீங்களே!"

"பரமேஸுக்கு இருந்தது ஒரே புள்ள மேரி. அவன் நடக்குறதுக்காக மூடுனதுலதான் புள்ள செத்தான்னு அவனுக்குத் தெரியணுமா? தெரிஞ்சா அப்புறம் ஒரு நாள் உசுரோட இருப்பானா?"

 வேலை போனது, கேஸ் நடந்தது, சிறைக்கும் போய் வந்தார். கோயிலில் எங்கள் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. பாசாரில் மீன்காரன்கூட என் முகத்தைப் பார்க்காமல் மீனைக் கொடுத்தான். எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாதது ஒன்றுதான்.

விமலனின் கருமாதி முடிந்த மறுநாள், விசாரணைக்குப் பிறகு, கேஸ் தொடங்குவதற்கு முன்பு, பரமேஸ்வரன் மாடியேறி வந்தார். வாசலிலேயே நின்றார். உட்காரச் சொன்னேன், கேட்கவில்லை. லியனார்ட் எழுந்து அவர் முன்னால் போய் நின்றார்.

"ஆபீஸ்ல போட்டதுன்னு சொன்னியே லென்."

"பொய்தான் சொன்னேன்."

"நெஜமாவே ட்ராலிக்குத்தானா?"

"ஆமா."

பரமேஸ்வரனின் உதடு கோணிக்கொண்டு போனது. ஒடிந்து சேர்ந்த அந்தக் கையைத் தூக்கி லியனார்டின் நெஞ்சைத் தடவித் தேடினார். சட்டையைக் கொத்தாகப் பிடித்தார்.

"நான் அந்தப் பள்ளத்துல விழுந்து கைய ஒடச்சேன்டா. ஒரு நாள், ஒரே ஒரு நாள், மூடுன்னு உன்கிட்ட கேட்டேனா? எனக்கே மூடாதவன் ட்ராலிக்கு மூடுனியா?"

உனக்காகத்தான் மூடினார் என்று கத்திவிடுவேனோ என்று பயமாக இருந்தது. சேலை முந்தானையை வாயில் திணித்துக்கொண்டேன். லியனார்ட் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பரமேஸ்வரனின் பிடி தளரும்வரை அசையாமல் நின்றார்.

"ஆமா பரமேஸ்," என்றார். "ட்ராலிக்குத்தான்."