தாப்பா ராஜா அண்ணனின் லேப்டாப்

"தம்பி, செத்துப்போச்சு லா."

கடைக்குள் நுழைந்ததும் ராஜா அண்ணன் சொன்ன முதல் வார்த்தை இதுதான். யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறி எழுந்தேன். துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்ததை அவர் மேசையில் வைத்துப் பிரித்தார். அவருடைய லேப்டாப். மூன்று வாரத்துக்கு முன்னால், ஆயுத பூஜை சமயத்தில், நான் ரேம் ஏற்றிக் கொடுத்தது.

"அட, இதுக்கா? எனக்கு உசிரே போயிருச்சுண்ணே," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை கூட்டம் இருக்கு தம்பி," என்றார். அன்று வியாழக்கிழமை, காலை பத்து மணி.

மலேசியாவில், ஈப்போ நகரத்தில், கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை ஒன்றில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவன் நான். பெயர் சுப்ரமணியம், கடையில் மணியம். இப்போது ஓய்வு பெற்று அதே ஊர்ப் புந்தோங்கில் வீட்டோடு இருக்கிறேன். தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள் போன் போட்டு என்னிடம் கேட்பதெல்லாம் லினக்ஸ் கமாண்ட்தான். கமாண்டை யார் வேண்டுமானாலும் சொல்லிக் கொடுப்பார்கள். நான் அந்த வியாழக்கிழமையைச் சொல்கிறேன். இதில் நான் கெட்டிக்காரனாக வரமாட்டேன், அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

பிஸ்கட் டின்கள்

ராஜா அண்ணன் தாப்பா பக்கத்தில் ஒரு ரப்பர் எஸ்டேட்டில் ஸ்டோர் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவர். பால்வெட்டுக் கத்தி, வாளி, மண்வெட்டி எல்லாம் அவர் எடுத்துக் கொடுத்தால்தான் வெளியே போகும். ஓய்வு நேரத்தில் போட்டோ பிடிப்பார். கல்யாணம், காதுகுத்து, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி என்று எஸ்டேட்டில் எது நடந்தாலும் அவருடைய கேமராதான். பிறகு எஸ்டேட் கைமாறியது. தொழிலாளர்கள் இருந்த லயத்து வீடுகளை உடைத்தார்கள். சனங்கள் கிள்ளான், ஈப்போ, சிங்கப்பூர் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். நெகட்டிவ் எல்லாம் பிஸ்கட் டின்களில் அவரோடு தங்கிவிட்டது.

வயதான காலத்தில் அதையெல்லாம் ஸ்கேன் செய்ய உட்கார்ந்தார். சிங்கப்பூரில் இருக்கும் மகள் ஒரு லேப்டாப் கொடுத்தனுப்பினாள். இஞ்சினியர்கள் பிளான் வரைவதற்கு வைத்திருக்கும் உசத்தியான வகை, செங்கல் கனம். ஆனால் அண்ணனிடம் இருந்த ஸ்கேனர் பழசு. புது விண்டோஸ் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போடுறேண்ணே, ஓடும்," என்றேன். போட்டேன். டிரைவர், கிரைவர் எதுவும் கேட்காமல் ஸ்கேனர் கர்ரென்று ஓட ஆரம்பித்தது. அன்றைக்குக் கடையில் நான் நடந்த நடையைச் சொல்லிச் சொல்லித் தவுக்கே ஒரு மாதம் கிண்டல் செய்தார்.

தவுக்கே என்றால் முதலாளி. எங்கள் தவுக்கே சீனர், ஆனால் பிறந்து வளர்ந்தது புந்தோங்கில். சரளமாகத் தமிழ் பேசுவார், இலக்கணம் மட்டும் அவருடைய சொந்தச் சரக்கு. லினக்ஸ் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை.

இரண்டு வருடம் அண்ணன் ஸ்கேன் செய்தார். முடிய முடிய நெகட்டிவைத் தூக்கிப் போட்டுவிட்டார். நம் ஊர்ப் புழுக்கத்தில் அவை புளித்த வாடை அடித்து, சுருண்டு, ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. ஆக மிச்சம் இருந்ததெல்லாம் அந்த லேப்டாப்புக்குள்தான்.

"பேக்கப் எடுத்தீங்களாண்ணே?" என்று போன தடவையே கேட்டிருந்தேன்.

"எடுக்கணும் லா," என்றார். எல்லாக் கஸ்டமரும் சொல்லும் அதே பதில்தான்.

கறுப்புத் திரை

ஞாயிற்றுக்கிழமை தாப்பாவில் ஒரு மண்டபத்தில் பழைய எஸ்டேட் ஆட்கள் கூடுகிறார்கள். அண்ணன் படம் காட்டுவதாக ஏற்பாடு. ஆனால் அவருடைய கலக்கத்துக்குக் காரணம் கூட்டம் அல்ல, ஒரே ஒரு படம்.

"பாக்கியம்னு ஒரு தங்கச்சி, கிள்ளான்ல இருந்து வாரா," என்றார். "அவ மகன் மோகன், ஆறு வயசுல காய்ச்சல்ல போயிட்டான். வீட்டுல இருந்த ஒரே படமும் வீடு மாத்துறப்ப தொலைஞ்சுபோச்சு. போன மாசம் போன்ல அழுவுறா, 'புள்ள மூஞ்சியே மறந்துரும்போல இருக்குண்ணே'ன்னு. நான் தேடுனேன் தம்பி. விளையாட்டுப் போட்டி ரோல்ல இருக்கான். 'வா, காட்டுறேன்'னு வாக்குக் கொடுத்துட்டேன்."

சரி என்று மிஷினை ஆன் செய்தேன். லினக்ஸ் வந்தது. இரண்டு மூன்று நிமிடம் நன்றாகத்தான் ஓடியது. திடீரென்று டப்பென்று அணைந்தது.

"என்னத்தண்ணே அமுக்குனீங்க? அப்டேட் ஏதாச்சும் போட்டீங்களா?"

"நீதான தம்பி வாரத்துக்கு ஒருக்கா போடச் சொன்ன?"

அப்டேட்தான் காரணம் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன். கமாண்ட் அடிக்கும் டெர்மினலைத் திறந்து சென்சாரைப் பார்த்தேன். சூடு நூறு டிகிரியை எட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ஃபேன் வேகம் பூஜ்யம் என்று காட்டியது. பல லேப்டாப்புகளில் லினக்ஸுக்கு ஃபேன் வேகத்தைப் படிக்கத் தெரியாது, ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தாலும் பூஜ்யம் என்றுதான் சொல்லும். இதுவும் அந்த வகைதான் என்று தாண்டிப் போனேன். கண்ணெதிரே எழுதியிருந்த உண்மையை, எனக்குத்தான் எல்லாம் தெரியுமே என்ற திமிரில், நான் நம்பவில்லை.

அப்டேட்டுக்கு முன்னால் இருந்த பழைய கெர்னலுக்கு மாற்றினேன். அணைந்தது. பவர் செட்டிங்கை மாற்றினேன். அணைந்தது. ஐந்தாவது தடவை லினக்ஸே வரவில்லை. டிஸ்க்கில் பிழை, கையால் சரிபார்க்கவும் என்று கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து நின்றது. ஓட ஓட மின்சாரத்தைப் பிடுங்கினால் டிஸ்க் என்ன செய்யும்?

"என்ன தம்பி சொல்லுது?" என்றார் அண்ணன்.

"ஒண்ணும் இல்லண்ணே," என்றேன். பொய்.

தவுக்கே எட்டிப் பார்த்தார். "மணியம், ஃபார்மட் போடு லா. ரெண்டு மணி நேரமா அதையே நோண்டுறே."

"உள்ள படம் இருக்கு தவுக்கே. செத்துப்போன புள்ள படம்."

தவுக்கே பக்கத்துக் கடையிலிருந்து பால் விடாத கொப்பி ஓ மூன்று கட்டி வாங்கி வந்தார். என்னுடையதை மேசையில் வைக்கும்போது அவருடைய கை லேப்டாப் ஓரத்தில் பட்டது. கையை எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தார்.

"மணியம், காத்து இல்லெ."

"லினக்ஸ்ல ஃபேன் அப்படித்தான் தவுக்கே, நீங்க சும்மா இருங்க."

"லினக்ஸ் போட்டா மூச்சு விடாதா?"

அடிமூடிக்குள்

எரிச்சலோடுதான் திருப்பிப் போட்டேன். திருகாணிகளைக் கழற்றி அடிமூடியைத் தூக்கினேன். ஃபேனுக்கு நேராகக் காற்று உள்ளே போகும் சல்லடையில் மஞ்சளாக ஏதோ அடைத்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். சந்தனம். நடுவில் குங்குமம். காய்ந்து உதிர்ந்து உள்ளே போய், ஃபேன் அச்சில் எண்ணெயோடு சேர்ந்து பிசினாகி இறுகிப்போயிருந்தது. விரலால் தள்ளிப் பார்த்தேன், இறக்கை அசையவே இல்லை.

எனக்கு வந்ததே கோபம்! "ஏண்ணே, சாமி கும்புட ஒங்களுக்கு வேற எடமே கெடைக்கலையா? மூச்சு விடுற ஓட்டையிலயா கொண்டுபோய்ச் சந்தனத்த அப்புவாங்க? கிராணி வேல பாத்த மனுசன்தான நீங்க? அந்தப் புள்ள படம் போச்சுன்னா யாரு பதில் சொல்லுறது?"

கடையே திரும்பிப் பார்த்தது. நான் முடித்ததும் அண்ணன் சட்டைக் காலருக்குள் கைவிட்டுச் சங்கிலியை வெளியே எடுத்துக் காட்டினார். அதில் சின்னச் சிலுவை ஒன்று தொங்கியது.

"தம்பி, நான் வேதக்காரன் லா. எங்க வீட்டுல ஏது சந்தனம்?"

பில் புத்தகத்தில் 'ராஜா, தாப்பா' என்று எழுதியதோடு சரி, முழுப் பெயர் அந்தோணி ராஜா என்பது எனக்கு அன்றுதான் தெரியும். தவுக்கே சுவரில் இருந்த சரஸ்வதி படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பூஜைக்கு நீதானே வச்சே," என்றார் மெதுவாக.

ஆமாம், நான்தான். எங்கள் கடையில் ஆயுத பூஜையை விடவே மாட்டோம். நான் மறந்தாலும் தவுக்கே நினைவுபடுத்துவார். திருப்புளி, சால்டரிங் அயர்ன், தவுக்கேயின் கால்குலேட்டர், மேசையில் இருக்கும் கஸ்டமர் மிஷின்கள் எல்லாவற்றுக்கும் என் கையால் பொட்டு வைப்பேன். அந்த வருடம் பூஜை நேரத்தில்தான் ராஜா அண்ணன் லேப்டாப்புக்கு ரேம் போட்டு முடித்து, குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தேன். அடிப்பக்கம் மேலே. கற்பூரம் அணைவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் கட்டைவிரலால் ஒரே அப்பு. மறுநாள் மேலோட்டமாகத் துடைத்துக் கொடுத்துவிட்டேன்.

எனக்குத் தலை நிமிரவில்லை. "மன்னிச்சிருங்கண்ணே," என்பதைக்கூட ஒழுங்காகச் சொல்ல முடியவில்லை.

"அத விடு. படத்தப் பாரு," என்றார் அவர்.

அந்த மாடலுக்கு ஃபேன் ஈப்போவில் கிடைக்காது. கோலாலம்பூரில் சொல்லி வைத்தால் ஒரு வாரம். அதனால் இருப்பதையே கழுவ வேண்டியதுதான். பேட்டரி ஒயரைப் பிடுங்கிவிட்டு ஃபேனைக் கழற்றினேன். காது குடையும் பஞ்சுக்குச்சியை ஆல்கஹாலில் தோய்த்துத் தோய்த்துச் சுரண்டினேன். அச்சில் தையல் மிஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு விட்டேன். சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தது, அதையும் வழித்துவிட்டுப் புதிதாகப் போட்டேன்.

அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே பேச்சுக் கொடுத்தார்.

"எஸ்டேட்ல ஆயுத பூஜ எங்க ஸ்டோர்லதான் நடக்கும் தம்பி. கத்தியெல்லாம் நான்தான் எடுத்துக் கொடுப்பேன். பொட்டு வைக்கிறது பிடியில மட்டும்தான். வெட்டுற வாயில ஒரு நாளும் வைக்க மாட்டாங்க."

"ஏண்ணே?"

"மறுநாள் அது மரத்தத் தொடணும் லா."

ஃபேன் சுற்றியது. தவுக்கே ஓரத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். இந்தத் தடவை நான் அவசரப்படவில்லை. பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓட்டி, முதலில் டிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுத்தேன். பிழை திருத்தும் வேலையெல்லாம் அந்தப் பிரதியில்தான். திருத்தி முடித்தபோது படங்கள் திரும்பி வந்தன, ஆனால் ஏகப்பட்ட படங்களுக்குப் பெயர் போய் வெறும் எண்தான் இருந்தது. ராஜா அண்ணன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளினார். கல்யாணம், கோயில் திருவிழா, யார் யாரோ. சில படங்கள் பாதி சாம்பல் நிறமாக வந்தன.

நாலு மணி இருக்கும். அவர் விரல் நின்றது.

"இவன்தான்."

சாக்கு ஓட்டம். எல்லோருக்கும் கடைசியாக ஒரு பையன், சாக்கை இடுப்புவரை பிடித்துக்கொண்டு, முன்பல் இரண்டும் இல்லாமல், ஜெயித்துவிட்டவன் மாதிரி சிரித்துக்கொண்டு வருகிறான். படத்தில் ஒரு கீறல்கூட இல்லை. நான் அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன். தவுக்கே காலண்டரில் எதையோ தேடுவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு அலமாரியிலிருந்து புது டிஸ்க் ஒன்றை எடுத்து வந்து மேசையில் வைத்தார்.

"பேக்கப். இப்பொ. என் முன்னால."

ஞாயிற்றுக்கிழமை

அண்ணன் கூப்பிட்டார் என்று நானும் தாப்பா போனேன். பாக்கியம் அக்கா முன்வரிசையில் இருந்தார். மற்றவர்களுக்குக் காட்டுவதற்கு முன்னால் அண்ணன் லேப்டாப்பை அவர் மடியில் வைத்துப் படத்தைத் திறந்தார். அக்கா அழுவார் என்று நினைத்தேன், அழவில்லை. திரையில் அந்தப் பையனின் வாயை விரலால் தொட்டார்.

"இந்தப் பல்லு விழுந்தப்ப நான்தான் கூர மேல வீசுனேன். மறந்தே போயிருந்தேண்ணே," என்றார். முகம் பூரா சிரிப்பு.

"இவன்தான் படத்தக் காப்பாத்திக் கொடுத்தவன்," என்று அண்ணன் என்னைக் காட்டினார். அக்கா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அண்ணனும் கடைசிவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

தவுக்கே இப்போது இல்லை, கடையும் இல்லை. ராஜா அண்ணன் மகளோடு சிங்கப்பூர் போகும்போது, "நீயே வச்சுக்க தம்பி, ஒனக்குத்தான் அதோட உள்ளு தெரியும்," என்று லேப்டாப்பை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். இதை எழுதுவதும் அதில்தான். பேட்டரி இரண்டு தடவை மாற்றியாயிற்று, கீபோர்டு ஒரு தடவை. ஃபேன் மட்டும் அதேதான். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் முதல் நாள் அடிமூடியைக் கழற்றித் தூசி தட்டுகிறேன். மறுநாள் பொட்டு திருப்புளியின் பிடிக்கு மட்டும். ஃபேன் ஓரத்தில் அந்தக் குங்குமக் கறை இன்னும் இருக்கிறது. எந்த ஆல்கஹாலுக்கும் அது போகவில்லை.

தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். மிஷின் பூஜ்யம் என்று சொன்னால் ஒரு தடவையாவது நம்புங்கள். டெர்மினலைத் திறப்பதற்கு முன்னால் ஓரத்தில் கையை வைத்துக் காற்று வருகிறதா என்று பாருங்கள். கஸ்டமரைத் திட்டுவதற்கு முன்னால் அந்த மிஷினைக் கடைசியாகத் தொட்டது யார் என்று யோசியுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. பாக்கியம் அக்கா, அன்றைக்கு நீங்கள் பிடித்துக்கொண்ட கையால்தான் நான் அந்தச் சந்தனத்தை வைத்தேன்.