எமிலியானுஸின் மான் வேட்டை

அந்த ஓகஸ்ட் முழுக்க மக்டலினால் தன் அறைக்குள் நேராக நடக்க முடியவில்லை. சுவிஸ் மலைப்பகுதியான எங்கடினில் ஹோட்டல் வேலையாட்களுக்கென்று கொடுத்த ஒற்றை அறை அது. தரையெல்லாம் கயிறு, கம்பளிக் காலுறை, மலை வரைபடம். அவள் அந்த ஹோட்டலில் அறைகள் துப்புரவாக்குகிறவள். கணவன் எமிலியானுஸ் பாத்திரம் கழுவுகிறவன். மன்னாரில் கடலைத் தவிர வேறெதையும் அறியாத அந்த மனிதனை, தலைமைச் சமையல்காரர் ரேட்டோ செப்டெம்பர் மான் வேட்டைக்குத் துணைக்குக் கூப்பிட்டிருந்தார்.

சுடும் துவக்கு ரேட்டோவுடையது. சமைப்பதும் சுமப்பதும்தான் எமிலியானுஸின் வேலை. ஆனால் திட்டம் போட்டதெல்லாம் அவன்தான். திங்கட்கிழமை கிழக்குச் சரிவு என்றான். புதன்கிழமை ஓடைக்கரை. வெள்ளிக்கிழமை மறுபடியும் கிழக்குச் சரிவு.

"இஞ்ச தாளிக்காதையும். ஜாக்கெட்டில மணம் ஏறிடும். மானுக்கு மூக்குப் பொல்லாதது."

"அப்ப நான் றோட்டில நிண்டு தாளிக்கிறதோ?" என்றாள் மக்டலின். "மான் விழுந்தா என்னெண்டு கீழ இறக்குவியள்?"

"அதை ரேட்டோ பாப்பார்."

வேட்டை தொடங்கிய மூன்றாம் நாள் அவளுக்கு லீவு. காலைத் தேநீரை ஊற்றும்போதே ரெலிபோன் அடித்தது. மலையிலிருந்து இறங்கி வந்து, ரயில் நிலையத்திலிருந்து எமிலியானுஸ் மூச்சிரைக்கக் கதைத்தான்.

"விழுந்திட்டுது! பெரிய கொம்பன்!"

"சந்தோசம்."

"ஆனா பள்ளத்துக்குள்ள கிடக்குது. அங்க வாகனம் விடேலாதாம். நீர் சிவகலாவையும் கூட்டிக்கொண்டு..."

சிவகலா அவளோடு வேலை செய்பவள். இருவரும் திட்டித் திட்டியே இரண்டு மணித்தியாலம் ஏறினார்கள். கலைமான் புல்லில் கிடந்தது. அதன் வாயில் ஒரு ஊசியிலைக் கொப்பு. மானுக்குக் கடைசி உணவாக வைப்பது வேட்டைக்காரர் வழக்கம் என்று சொன்ன ரேட்டோ, தொப்பியைக் கழற்றிக்கொண்டார். மக்டலினின் கை தானாகவே சிலுவை போட்டது. கோபம் போன இடம் தெரியவில்லை.

மானை வெட்டிப் பங்கிட்டு, முன்னங்கால் ஒன்றைச் சாக்கில் கட்டி அவளுடைய முதுகில் ஏற்றியதும் அந்தக் கோபம் திரும்பி வந்துவிட்டது. சறுக்கும் கல்லில் அவள் இரண்டு தரம் விழுந்தாள். முன்னால் போன எமிலியானுஸ் ஒவ்வொரு தரமும் திரும்பி, "இடது காலை வையும்" என்றான்.

ரேட்டோ ஈரலில் பாதியைக் கொடுத்தார். அன்றிரவு அறையில் எமிலியானுஸ் அதை மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தான். முழங்கால் மடங்காமல் கட்டிலில் இருந்தபடியே மக்டலின் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டாள்.

"வாற வருசம்..." என்று தொடங்கினான் அவன்.

"வாற வருசம் நான் துவக்குப் பிடிக்கிறன். நீங்கள் என்ர பதினொரு அறையையும் கூட்டுங்கோ."