ஆடிட் நாளில் மலைக்குப் போனவர்கள்

கிருஷ்ணராஜ் அதற்கு முன்னும் பொய் சொன்னவன்தான். வாடகைக்கு வீடு பார்த்தபோது கறி தின்பதில்லை என்றான். காவிரிக் கலவரத்தில் பஸ்ஸை மறித்தவர்களிடம் தன் வீட்டில் கன்னடம்தான் என்றான். அந்தப் பொய்களுக்காக அவன் தலைகுனிந்ததில்லை. அப்படிக் கேட்டவர்கள்தான் குனிய வேண்டும். தொண்ணூற்றாறில் ஒரு பட்டப்பகலில், தொழிற்சாலைக்குள் நின்றுகொண்டு சொன்ன பொய் வேறு மாதிரி. அதை நினைத்தால் இன்றும் அவனுக்குக் காது சுடுகிறது.

கொள்ளேகாலத்துப் பக்கம் ராமாபுரத்துக்காரன். வீட்டு நிலம் அண்ணன்மாருக்கே போதாமல் மைசூருக்கு வந்து, மேட்டகள்ளியில் பம்புகளுக்குப் பித்தளை வால்வு செய்யும் தொழிற்சாலையில் லேத் ஓட்டி, சூப்பர்வைசர் ஆனவன். மனைவி பொன்னம்மாவுக்கும் அங்கேயே வேலை. ஆனால் அவள் கான்ட்ராக்டர் ஆள். லேத்திலிருந்து வரும் வால்வின் விளிம்பில் பிசிறு இருக்கும். அதை அரத்தால் ராவி எடுக்க வேண்டும். தகரத் தடுப்புக்குப் பின்னால் எட்டுப் பெண்கள் மணைப்பலகை போட்டு உட்கார்ந்து நாள் முழுக்க ராவினார்கள். பொன்னம்மா பத்து வருஷமாக ராவினாள். பி.எப். கிடையாது, நோய்க்கு லீவு கிடையாது. கான்ட்ராக்டர் காகிதத்தில் எட்டுப் பேரும் தோட்ட வேலை செய்கிறவர்கள். தொழிற்சாலையின் தோட்டம் என்பது வாசலில் இருந்த நான்கு குரோட்டன்ஸ் செடி.

வெளிநாட்டு ஆர்டர் வேண்டுமானால் தரத்துக்கான ஐ.எஸ்.ஓ. சான்றிதழ் வேண்டும் என்று ஆயிற்று. பெங்களூரிலிருந்து கழுத்துப்பட்டை கட்டிய ஆலோசகர் வந்தார். “செய்வதை எழுதுங்கள், எழுதியதைச் செய்யுங்கள், அவ்வளவுதான்” என்றார். நல்ல விஷயம்தான். இந்த நாட்டில் கோயில் முதல் கோர்ட்டு வரை அதைச் செய்திருந்தால் எவ்வளவோ மாறியிருக்கும். தரக்கொள்கையை அட்டையில் அச்சடித்து எல்லோர் கழுத்திலும் மாட்டினார்கள். காலையில் ஷிப்டு தொடங்குமுன் அதைக் கூட்டமாகச் சொல்லவைத்தார்கள். பொருள் தெரியாமல் மனப்பாடம் செய்வதில் நமக்குப் பல நூற்றாண்டுப் பழக்கம். இரண்டே வாரத்தில் எல்லோருக்கும் வந்துவிட்டது.

சிக்கல் தகரத் தடுப்புக்குப் பின்னால்தான். “இவர்களுக்குப் பயிற்சி கொடுத்த பதிவு எங்கே?” என்று ஆலோசகர் கேட்டார். தோட்டக்காரர்களுக்கு ஏது பதிவு? கம்பெனியின் சொந்த ஆட்கள் பட்டியலான ரோலில் ஏற்றுங்கள், இல்லையென்றால் சான்றிதழுக்காகச் சோதிக்க வரும் ஆடிட்டர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். மேனேஜர் கேசவமூர்த்திக்கு முடிவெடுக்க ஒரு டீ குடிக்கும் நேரம் போதுமாயிருந்தது.

“மாதேஸ்வரன் மலைக்கு ஒரு பஸ் போடலாம்ப்பா. கம்பெனி செலவு. ஆடிட் அன்னிக்குத் தரிசனம் பண்ணிட்டு வரட்டும். நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க.”

“சார், ரோல்ல ஏத்தற விஷயம்…”

“சர்டிபிகேட் வரட்டும், முதல் கையெழுத்து அவங்க பேருக்குத்தான். என் வார்த்தையா சொல்லுங்க.”

கிருஷ்ணராஜ் அதை அவர் வார்த்தையாகச் சொல்லவில்லை. தன் வார்த்தையாகவே சொன்னான். எட்டுப் பேரில் மூத்தவள் லிங்கம்மா, கொள்ளேகாலத்துக் கன்னடக்காரி, பெண்களோடு தமிழும் பேசுவாள். மலைச் சாமி மாதேஸ்வரன் அவளுக்கு மாதப்பன். “மாதப்பன் என்னைக்கு அண்ணா கம்பெனி பஸ் அனுப்ப ஆரம்பிச்சான்?” என்று சிரித்தாள். ஆனாலும் தேங்காய் வாங்கி வைத்துக்கொண்டாள்.

பொன்னம்மா வீட்டில் கேட்டாள். “ஏனுங்க, எங்கூருக்குப் பக்கத்து மலை. எனக்கு வழி தெரியாதா? அன்னைக்குன்னு பார்த்து எதுக்கு?”

“ரோல்ல பேரு வரும்ங்கறார். ஒரு நாள்தானே.”

“எங்களை ஒளிச்சு வெச்சுட்டு அப்புறம் எங்க பேரை எழுதுவாங்களா?”

“சும்னே இரு. எல்லாத்துலயும் குத்தம் பார்க்காதே.”

ஆடிட் அன்று அவளும் விடியற்காலையில் பஸ் ஏறினாள்.

ஆடிட்டர் நரைத்த தலை, மெதுவான பேச்சு. லேத், அளவுக் கருவிகள், ஸ்டோர் எல்லாம் பார்த்துக்கொண்டே வந்தவர் தகரத் தடுப்பைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். அந்த இடத்தைக் கழுவி விட்டிருந்தார்கள். சான்றிதழுக்காக எழுதிய புது விதிப்புத்தகத்தின்படி லேத் ஓட்டுகிறவனே பிசிறும் எடுக்கிறான். ஆனால் மணைப்பலகைகளைக் கிருஷ்ணராஜ் மூலையில் அடுக்கி வைத்திருந்தான். நாளை அவர்கள் வந்தால் வேண்டுமே என்றுதான். அடுக்கின் மேலே இருந்தது பொன்னம்மாவுடையது. பலகை உறுத்தாமலிருக்க அவள் அதில் பழைய பச்சைப் புடவைத் துண்டைச் சுற்றியிருந்தாள். தீபாவளிக்கு அவன் எடுத்துக்கொடுத்த புடவை.

“இதில் யார் உட்காருகிறார்கள்?” என்று ஆடிட்டர் கேட்டார்.

மேனேஜர் கிருஷ்ணராஜைப் பார்த்தார்.

“யாருமில்லை சார்.”

வேண்டாத பொருள் வேலையிடத்தில் எதற்கு என்று ஆடிட்டர் சாதாரணமாகச் சொன்னார். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. மேனேஜரின் புருவம் உயர்ந்தது. கிருஷ்ணராஜ் தன் கையாலேயே அந்தப் பலகைகளைத் தூக்கிப் பின்புறத்துக் குப்பையில் போட்டான். மாலைக்குள் யாரோ அடுப்புக்கு எடுத்துப் போய்விட்டார்கள்.

மறுநாள் பெண்கள் வந்தார்கள், நெற்றி நிறைய விபூதி, கையில் லட்டு. தடுப்புக்குப் பின்னால் போய்ப் பலகைகளைத் தேடினார்கள். பிறகு வெறும் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தார்கள். லிங்கம்மா அவனிடம் வந்து லட்டை நீட்டி, “உன் புண்ணியத்துல பார்த்தோம் அண்ணா” என்றாள். கேலி இல்லை, உண்மையாகவே சொன்னாள். அதுதான் அவனால் தாங்க முடியவில்லை.

அன்று மாலை பொன்னம்மா கேட்டாள். “பலகை எங்கீங்க?”

சொன்னான். ஆடிட்டர் கேட்டதையும், தான் சொன்னதையும் மறைக்காமல் சொன்னான். அவள் அரிசியைக் களைந்து முடித்து உலையில் போட்டாள்.

“என் துணி சுத்தியிருந்துச்சே.”

“ஆமா.”

“அதைப் பார்த்துட்டேதான் சொன்னீங்களா?”



சான்றிதழ் வந்தது. கண்ணாடிச் சட்டத்தில் போட்டு, மாலை சாத்தி, கற்பூரம் காட்டினார்கள். தரத்துக்கும் தீபாராதனை. போட்டோவில் கிருஷ்ணராஜ் இரண்டாவது வரிசையில் நிற்கிறான். சாமி கும்பிட்டு முடிந்ததும் மேனேஜரிடம் போய் ரோலை நினைவுபடுத்தினான்.

“எந்த வேலைக்குன்னு எழுதறது? நம்ம விதிப்புத்தகத்துல அப்படி ஒரு செக்ஷனே கிடையாது.”

“நீங்க வார்த்தை கொடுத்தீங்க சார்.”

“கொடுத்தேன். ஆனா ஆடிட்டர் முன்னாடி யாருமில்லைன்னு சொன்னது யாரு? நானா, நீங்களா?”

அவன் வெளியே வந்தான். வெட்கம் அவமானத்தைவிடக் கொடியது. அவமானத்துக்கு எதிரே ஓர் ஆள் இருப்பான், அவனைத் திட்டலாம். வெட்கத்துக்கு அப்படி யாரும் கிடையாது.

ஆறு மாதம் கழித்து மறு ஆய்வு. மறுபடியும் பஸ். பெண்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தடுப்பருகே நின்றவனிடம் லிங்கம்மாவே, “எத்தனை மணிக்கு வண்டி?” என்று கேட்டாள். பொன்னம்மா மட்டும் தலை நிமிரவில்லை.

“நான் வரலை. மாதப்பனை ஒரு தடவை பார்த்தாச்சு. இந்தத் தடவை அந்த ஆடிட்டர் சாரைப் பார்க்கறேன்.”

அன்று ஏழு பேரோடு பஸ் போயிற்று. தடுப்புக்குப் பின்னால் ஒரே ஓர் அரத்தின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஆடிட்டர் அதைக் கேட்டுத்தான் உள்ளே வந்தார். தரையில் சப்பணமிட்டு, மடி நிறையப் பித்தளைத் தூளுடன் அவள் உட்கார்ந்திருந்தாள்.

“இவர் யார்?”

இந்த ஆறு மாதமும் எத்தனையோ முறை மனத்துக்குள் சொல்லிப் பார்த்த பதில் அவனிடம் இருந்தது. மேனேஜரின் முகத்தைப் பார்த்ததும் வேறொன்று வந்தது.

“என் சம்சாரம் சார். சாப்பாடு கொண்டு வந்தா.”

பொன்னம்மா அரத்தைக் கீழே வைத்தாள். ஆடிட்டரைப் பார்த்துக் கன்னடத்தில், நிதானமாகச் சொன்னாள். பத்து வருஷமாக இங்கே இந்த வேலைதான் செய்கிறேன், என்னோடு இன்னும் ஏழு பேர், அவர்களை இன்றைக்கு மலைக்கு அனுப்பியிருக்கிறார்கள். பிறகு கிருஷ்ணராஜ் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டாள். “சாப்பாடு எங்கீங்க? காட்டுங்க.”

ஆடிட்டர் எழுதிக்கொண்டார். எட்டுப் பேருக்கும் பயிற்சிப் பதிவு காட்டாவிட்டால் சான்றிதழ் நிற்காது என்றார். பதிவு காட்டப் பெயர் வேண்டும். பெயர் வந்த பிறகு தோட்டக்காரர்கள் என்ற கதை நிற்கவில்லை. யூனியன் உள்ளே வந்தது. கேட் வாசலில் நின்று, நோட்டீஸ் வாங்கி, ஒரு வருஷம் இழுத்து, எட்டுப் பேரும் ரோலில் ஏறினார்கள். மாதப்பன் ஏற்றவில்லை, கண்ணாடிச் சட்டமும் ஏற்றவில்லை. ஒருத்தி எழுந்திருக்க மறுத்தாள், மற்ற ஏழு பேரும் மறுநாள் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். கிருஷ்ணராஜ் அந்த வருஷம் முழுக்க அவர்களோடு நின்றான். அது கணக்கில் சேராது என்று அவனுக்கே தெரியும்.

முதல் சம்பளச் சீட்டு வந்த நாளில், தச்சரிடம் சொல்லிச் செய்த புது மணைப்பலகை ஒன்றைக் கொண்டுபோய்ப் பொன்னம்மாவின் பக்கத்தில் வைத்தான். வழவழப்பாக இழைத்த பலகை. அவள் அதைத் தடவிப் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்குது” என்று சொல்லி லிங்கம்மா பக்கம் தள்ளினாள். “அக்கா, உனக்கு முட்டி வலிக்குதுன்னியே.”

லிங்கம்மா அதில் உட்கார்ந்தாள். பொன்னம்மா சிமெண்டுத் தரையிலேயே இருந்து அடுத்த வால்வை எடுத்தாள்.